நிபுணத்துவப் பயிற்சிக்கு எந்த இடம் நல்லது? திருகோணமலை இளம் வைத்தியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் இன்டர்ன்ஷிப் முடித்தவர்களும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மருத்துவ பீடங்களில் இறுதி ஆண்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றியவை: நிபுணராவதற்கான பயிற்சியை எங்கே பெறுவது, ஓர் இடம் நல்லது என்று எதை வைத்துச் சொல்வது. பி.ஜி.ஐ.எம். (பட்டப்பின் மருத்துவ நிறுவனம்) வழியே இங்கேயே போகிறவர்களுக்கும், அமெரிக்காவில் ரெசிடென்சி (அங்கே நிபுணராவதற்கான பயிற்சி), பிரித்தானியாவில் பயிற்சிப் பதவி என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கே பயிற்சி பெற்றாலும் பட்டம் ஒன்றுதானே? இடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?

பட்டம் ஒன்றுதான். ஆனால் அதை வாங்கி வருபவர்களின் கைப்பழக்கமும் யோசிக்கும் பழக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஆஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புளோரிடா, நியூயோர்க் மாநிலங்களில் 1992 முதல் 2007 வரை நடந்த சுமார் 49 இலட்சம் பிரசவங்களை எடுத்து, பிரசவம் பார்த்த மகப்பேற்று நிபுணர் எங்கே ரெசிடென்சி செய்தவர் என்று பொருத்திப் பார்த்தார்கள். பயிற்சி இடங்களை ஐந்து பங்காகத் தரம் பிரித்தபோது, மேல் பங்கில் பயின்றவர்களிடம் பிரசவித்த தாய்மாரில் 10.3 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல்கள் வந்திருந்தன. கீழ்ப் பங்கில் பயின்றவர்களிடம் அது 13.6 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

கெட்டிக்காரர்கள் நல்ல இடத்துக்குப் போயிருப்பார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று நீங்கள் சொல்லலாம். அதையும் பார்த்திருக்கிறார்கள். மருத்துவ உரிமப் பரீட்சைப் புள்ளிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் இடங்களின் வரிசை பெரிதாக மாறவில்லை. பயிற்சிக் காலத்தில் கற்ற பழக்கம், நல்லதோ கெட்டதோ, நிபுணரான பிறகும் கூடவே வருகிறது. மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ நடுச்சாமத்தில் வந்து சேரும் தாய்க்கு நீங்கள் எங்கே பயின்றீர்கள் என்பது தெரியாது. அதன் பலனை அனுபவிக்கப் போகிறவள் அவள்தான். அதனால்தான் இந்தக் கேள்வியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய பெயர் உள்ள வைத்தியசாலை என்றால் பயிற்சியும் நன்றாகத்தானே இருக்கும்?

இருக்கலாம். பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்க வைத்தியசாலைகளின் தரவரிசைப் பட்டியல்கள் பெரும்பாலும் நோயாளர் பராமரிப்பை அளக்கின்றன. அங்கே பயிலும் ரெசிடென்ட் என்ன கற்றுக்கொண்டார் என்பதை அவை அளப்பதில்லை. டொக்சிமிட்டி போன்ற தளங்கள் ரெசிடென்சிகளையே வரிசைப்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் வைத்தியர்கள் எந்த இடங்களைச் சிறந்தவை என்று பரிந்துரைக்கிறார்கள் என்பதற்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. ஏற்கெனவே பெயர் பெற்ற இடத்துக்கே மேலும் பெயர் சேரும்.

பெரிய இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரிதான சத்திரசிகிச்சைகள் அங்கேதான் நடக்கும். ஆனால் கன்சல்டன்ட், அவருக்குக் கீழே சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதற்கும் கீழே இன்னும் இருவர் என்று வரிசை நீளும்போது, கடைசியில் நிற்கும் உங்களுக்கு ரிட்ராக்டரை (வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கருவி) பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைதான் மிஞ்சும். பார்த்தது நிறைய இருக்கும், செய்தது கொஞ்சமாக இருக்கும்.

பெரிய பெயர் நிலைத்து நிற்கும் என்றும் சொல்ல முடியாது. பிலடெல்பியாவின் பழம்பெரும் ஹானமன் பல்கலைக்கழக வைத்தியசாலை 2019இல் பணநெருக்கடியில் மூடப்பட்டது. 550க்கும் அதிகமான ரெசிடென்ட்கள் திடீரென வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஒரு தனியார் நிறுவனத்தின் கீழ் உள்ள இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அண்மையில் உரிமை கைமாறியதா, வார்ட்கள் மூடப்படுகின்றனவா என்று செய்திகளைத் தேடிப் பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு நீங்கள் போன் எடுத்தால் யார் வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள்.

ஓர் உதாரணத்தை விரித்துச் சொல்கிறேன். மாரி மழை தொடங்கிவிட்டால் கிழக்கில் டெங்குதான். வார்டில் 50 கிலோ எடையுள்ள ஓர் இளைஞன், காய்ச்சல் விட்டுவிட்டது, ஆபத்தான கட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். நம் நாட்டு வழிகாட்டலின்படி அந்த 48 மணித்தியாலத்துக்கு அவனுக்குரிய திரவ அளவு 4600 மில்லிலீட்டர். பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 40இலிருந்து 46க்கு ஏறியிருக்கிறது, சிறுநீர் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலீட்டருக்குக் கீழே போய்விட்டது. ஹவுஸ் ஒபிசர் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். திரவத்தைக் குறைத்துக் கொடுத்தால் ஷொக்கில் போவான். கூட்டிக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கட்டும்.

ஓர் இடத்தில் போனில் "ஸேலைனைக் கூட்டிவிடு, காலையில் பார்ப்போம்" என்று பதில் வரும். இன்னோர் இடத்தில் சீனியர் தானே வந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் போவார். ஹவுஸ் ஒபிசர் வாய் திறக்கவே தேவையிருக்காது. மூன்றாவது இடத்தில் சீனியர் வருவார், நோயாளியின் கையைத் தொட்டுக் குளிர்ச்சி பார்ப்பார், பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். பிறகு உங்கள் பக்கம் திரும்பிக் கேட்பார்: "எத்தனையாவது மணித்தியாலம்? 4600இல் எவ்வளவு போயிருக்கு? நீ என்ன செய்யப் போறாய்?" நீங்கள் சொல்வீர்கள். தவறு என்றால் நோயாளிக்கு எதுவும் ஆகும் முன்பே திருத்துவார். ஒரு மணித்தியாலம் கழித்து அடுத்த பி.சி.வி.யைக் கேட்டு அவரே போன் எடுப்பார். அடுத்த தடவை நீங்கள் கூப்பிடும்போது, என்ன செய்வதென்று கேட்க மாட்டீர்கள், செய்யப் போவதைச் சொல்லி ஒப்புதல் கேட்பீர்கள்.

இந்த மூன்றாவது இடத்தைத்தான் தேட வேண்டும். கட்டடமும் நூலகமும் ஸ்கேன் இயந்திரமும் அதற்குப் பிறகு.

எப்போதும் யாரோ பக்கத்தில் நின்றால் நமக்குத் தனியாகச் செய்யத் தெரியாமல் போகாதா?

நியாயமான பயம். பக்கத்தில் நிற்பவர் காலப்போக்கில் தள்ளி நிற்க வேண்டும். முதல் மாதம் கையைப் பிடித்துக் காட்டுவார், அப்புறம் பக்கத்தில் நிற்பார், பிறகு அடுத்த அறையில் இருப்பார், கடைசி வருடத்தில் போன் எடுத்தால் வரக்கூடிய தூரத்தில் இருப்பார். இந்தப் படிகள் இருக்கின்றனவா என்று அறிய, ஒரே இடத்தில் முதல் வருடத்தவரையும் கடைசி வருடத்தவரையும் தனித்தனியே சந்தித்து, நேற்று என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். இருவரின் பதிலும் ஒன்றாக இருந்தால் அங்கே வளர்ச்சி இல்லை.

சத்திரசிகிச்சை போன்ற துறைகளில் லொக்புக்கை (பயில்பவர் செய்த சிகிச்சைகளைப் பதியும் புத்தகம்) கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பொதுச் சத்திரசிகிச்சை ரெசிடென்சி 5 வருடம், அதற்குள் குறைந்தது 850 பெரிய சத்திரசிகிச்சைகளை முடித்திருக்க வேண்டும். அந்த எண் மிகக் குறைந்த எல்லை மட்டுமே. மொத்த எண்ணிக்கையை விட, எத்தனையில் நீங்களே முதல் கையாக நின்றீர்கள், அவசர சத்திரசிகிச்சைகள் எத்தனை, ஒரே வகை எத்தனை என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும். நூறு ஹேர்னியா செய்தவருக்குக் குடல் வெடித்து வரும் நோயாளியைத் திறக்கும் துணிவு தானாக வந்துவிடாது.

பரீட்சையில் பாஸ் ஆகும் வீதத்தை நம்பலாமா?

ஓரளவுக்கு. அமெரிக்காவில் உள்மருத்துவம் போன்ற துறைகளில் ஒவ்வொரு ரெசிடென்சியிலிருந்தும் எத்தனை பேர் போர்ட் பரீட்சையில் (நிபுணர் சான்றிதழுக்கான பரீட்சை) தேறினார்கள் என்பது மூன்று வருடக் கணக்காக வெளியிடப்படுகிறது. அதைப் பார்க்கும்போது எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் பாருங்கள். அந்த மூன்று வருடத்தில் நான்கு பேர் மட்டுமே எழுதிய இடத்தில் ஒருவர் தவறினால் 100 சதவீதம் 75 ஆகிவிடும். அதற்காக அந்த இடம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. 40 பேர் எழுதிய இடத்தில் தொடர்ந்து 75 என்றால் கட்டாயம் விசாரியுங்கள்.

வேலை நேரம் குறைவான இடம்தான் நல்ல இடமா?

நேரம் முக்கியம். தூக்கமில்லாத வைத்தியர் நோயாளிக்கும் ஆபத்து, வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் தனக்கும் ஆபத்து. அமெரிக்காவில் 2003 முதல் நான்கு கிழமைச் சராசரியில் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்பது எல்லை. இங்கே ஒன்-கோல் இரவு முடிந்து மறுநாள் பகலும் வேலை தொடர்வது நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம். பழகியதால் அது சரி என்றாகிவிடாது.

ஆனால் அந்த எல்லை வந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1984இல் நியூயோர்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு அனுமதிக்கப்பட்டுச் சில மணித்தியாலங்களில் இறந்துபோனாள். அன்றிரவு அவளைப் பார்த்தவர்கள் பயிற்சி வைத்தியர்கள், மூத்தவரிடம் போனில்தான் பேசினார்கள். தந்தை விடாமல் போராடினார். ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1989இல் நியூயோர்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்று விதித்தது. அந்தக் குழுவின் தலைவர் பெர்ட்ரண்ட் பெல், மணிக்கணக்கை விட மேற்பார்வைதான் முதன்மையானது என்று பிற்காலத்திலும் வலியுறுத்திக்கொண்டே இருந்தார். உலகம் மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டது. நீங்கள் இரண்டையும் கேளுங்கள்.

பி.ஜி.ஐ.எம். இல் இடம் தருவதை வாங்கிக்கொள்வதுதானே? தெரிவு எங்கே இருக்கிறது?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980 முதல் இயங்கும் பி.ஜி.ஐ.எம். தான் இலங்கையில் நிபுணர்களை உருவாக்கும் நிறுவனம். தெரிவுப் பரீட்சை, ரெஜிஸ்ட்ரார் காலம், எம்.டி., பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், அதில் ஒரு பகுதி வெளிநாட்டில், முடிவில் போர்ட் சான்றிதழ். துறைக்குத் துறை காலம் மாறும். பயிற்சி இடங்கள் பெரும்பாலும் பரீட்சைத் தரவரிசைப்படி தெரிவாவதால், மேலே இருப்பவருக்குத் தெரிவு அதிகம், கீழே இருப்பவருக்குக் குறைவு. அதை மறைத்துப் பயனில்லை.

ஆனாலும் உங்கள் முறை வரும்போது மேசையில் பல இடங்கள் இருக்கும், யோசிக்க அதிக நேரம் இருக்காது. பெரும்பாலானோர் அப்போது ஊருக்குப் பக்கம் எது, கொழும்பு எது என்று மட்டும் பார்த்துக் கை வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பே ஒரு பட்டியல் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வைத்தியசாலையை விட யூனிட்தான் முக்கியம். ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிரே இருக்கும் இரண்டு யூனிட்களின் பயிற்சி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தோடு இருக்கும். அந்தக் கன்சல்டன்ட் ரவுண்டில் கேள்வி கேட்பவரா, கேட்டு அவமானப்படுத்துபவரா, கிளினிக்கில் உங்களைப் பக்கத்தில் அமர்த்துபவரா, இறப்பு நடந்தால் யார் குற்றவாளி என்று தேடாமல் என்ன நடந்தது என்று கூடிப் பேசுபவரா என்பதை அங்கே இப்போது இருப்பவர்தான் சொல்ல முடியும். சேர் இடமாற்றம் பெற்றுப் போகப் போகிறாரா என்பதையும் விசாரியுங்கள். நல்ல ஆசிரியர் போய்விட்டால் யூனிட்டின் பெயர் மட்டும்தான் மிச்சம்.

திருகோணமலையில் வேலை செய்த காலம் எனக்குப் பின்னடைவா?

இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய் என்று நாலா பக்கமிருந்தும் நோயாளர் வருகிறார்கள், மூன்று சமூகத்தவரும் வருகிறார்கள். கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்து, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் விட்டு, பிறகு சரித்துப் பார்த்து உறைந்திருக்கிறதா என்று நீங்களே முடிவு சொல்லியிருப்பீர்கள். கொழும்பில் ஒரு பெரிய வார்டில் இருக்கும் உங்கள் வகுப்பு நண்பர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். நோயாளியை நிலைப்படுத்தி, எப்போது கண்டிக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்ப வேண்டும், அம்புலன்ஸில் வழியில் என்ன நடக்கக்கூடும் என்று யோசிப்பதும் பெரிய படிப்பு.

குறை எங்கே வரும் என்றால், சில துறைகளின் நிபுணர்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் நீங்கள் செய்தது சரியா என்று சொல்ல ஆள் இருக்காது. அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆனது என்று மறுநாள் போன் எடுத்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் அனுபவம் சேரும், கல்வி சேராது.

அமெரிக்க ரெசிடென்சி என்றால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

முதலில் அந்த இடம் ஏ.சி.ஜி.எம்.இ. (ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் பெற்றதா என்று அவர்களுடைய தளத்தில் பாருங்கள். அங்கீகாரம் தொடர்கிறதா, எச்சரிக்கையோடு தொடர்கிறதா, தகுதிகாண் நிலையில் இருக்கிறதா என்பது எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும்.

அடுத்து, முழுப் பயிற்சிக்கான கட்டகோரிகல் இடமா, ஒரு வருடத்தோடு முடியும் பிரிலிமினரி இடமா என்று பாருங்கள். இது தெரியாமல் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பத்தோடு நிற்க நேர்ந்தால் மிகுந்த வேதனை. மூன்றாவது விசா. ஜே-1 என்றால் முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது வைத்தியர் பற்றாக்குறையுள்ள பகுதியில் வேலை செய்து விலக்குப் பெற வேண்டும். எச்-1பி எல்லா இடங்களும் தருவதில்லை. இப்போதைய ரெசிடென்ட்களில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் எத்தனை பேர், அவர்கள் முடித்ததும் எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள்.

மெச் (விண்ணப்பதாரரையும் பயிற்சி இடங்களையும் பொருத்தும் முறை) பட்டியலில் இடங்களை உங்கள் உண்மையான விருப்பப்படி வரிசைப்படுத்துங்கள். எங்கே எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு மாற்றி எழுதுவதால் இலாபமில்லை. 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அல்வின் ரோத் சீரமைத்த அந்த முறை, விண்ணப்பதாரர் உண்மையைச் சொல்வதே அவருக்கு நல்லதாக அமையும்படி செய்யப்பட்டது.

பிரித்தானியா?

பயிற்சிப் பதவியா, வெறும் வேலையா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் ஒரே வார்டில், ஒரே ரோட்டாவில் இருக்கும், ஆனால் பின்னது உங்களைத் தானாக நிபுணராக்காது. ஜி.எம்.சி. (பிரித்தானிய மருத்துவப் பேரவை) ஒவ்வொரு வருடமும் பயிற்சி வைத்தியர்களிடம் கேட்டு எடுக்கும் கருத்தாய்வின் முடிவுகள், வைத்தியசாலை வாரியாகவும் துறை வாரியாகவும் பொதுவில் இருக்கின்றன. இப்படி ஒரு வசதி இருந்தும் பார்க்காமல் விண்ணப்பிக்கிறவர்கள் பலர். பாருங்கள்.

நேரில் போகும்போதோ நேர்காணலிலோ யாரிடம் என்ன கேட்கலாம்?

தலைமைப் பொறுப்பில் இருப்பவர் நல்லதைத்தான் சொல்வார், அது அவர் கடமை. நீங்கள் ஜூனியரைத் தனியே பிடியுங்கள். கன்டீனில் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் போதும். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது இரவில் கன்சல்டன்ட்டைக் கூப்பிட்டீர்கள், என்ன சொன்னார்? கடைசியாக ஒரு தவறு நடந்தபோது என்ன ஆனது? வகுப்புக்கு ஒதுக்கிய மணித்தியாலத்தில் உங்கள் போனை யார் வைத்திருப்பார்? கடந்த மூன்று வருடத்தில் பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, ஏன்?

பதிலை விட, பதில் சொல்லும் முன் அவர் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

பல வருட அனுபவமுள்ள தாதியரிடமும் கேளுங்கள் என்பது என் ஆலோசனை. எந்த யூனிட்டில் வைத்தியர்கள் கூப்பிட்டவுடன் வருவார்கள், எந்த யூனிட்டில் ஜூனியர்கள் அழுதுகொண்டு நிற்பார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெண் வைத்தியர்கள் தனியாக எதையாவது பார்க்க வேண்டுமா?

பிரசவ விடுப்பு எடுத்தால் பயிற்சி எவ்வளவு நீளும், திரும்பி வந்ததும் அதே யூனிட் கிடைக்குமா, ஒன்-கோல் அறைக்கு உள்ளே பூட்டு இருக்கிறதா, இரவில் வார்டிலிருந்து அறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2022 முதல், பயிற்சிக் காலத்தில் ஒரு தடவையாவது 6 கிழமை சம்பளத்தோடு இப்படியான விடுப்புத் தர வேண்டும் என்பது அங்கீகார விதி. முன்பு அங்கே குழந்தை பெற்றவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு அறியுங்கள். ஆண்களும் இதைக் கேட்க வேண்டும்.

நாங்கள் பெற்றோர். மகனுக்கு எந்த இடம் என்று நாங்கள் சொல்லலாமா?

தூரம், செலவு, வீட்டு நிலைமை பற்றிச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. வைத்தியசாலையின் பெயரைச் சபையில் சொல்ல நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் வற்புறுத்தாதீர்கள்.

சேர்ந்த பிறகுதான் இடம் சரியில்லை என்று தெரிகிறது. என்ன செய்வது?

முதல் இரண்டு மாதத்தில் முடிவெடுக்க வேண்டாம். புது இடம் எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகும் இரவில் ஆளில்லை, செய்யக் கிடைக்கவில்லை, கேட்டால் திட்டு என்றால், நாளும் விஷயமும் போட்டு எழுதி வையுங்கள். நோயாளர் பெயரை எழுதக் கூடாது. முதலில் உங்கள் பயிற்சியாளரிடமே, "சேர், இந்த மாதம் எனக்கு இது கிடைக்கவில்லை" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சொன்னால் மாற்றிக்கொள்ளும் கன்சல்டன்ட்கள் நாம் நினைப்பதை விட அதிகம். மாறாவிட்டால் பி.ஜி.ஐ.எம். இல் உங்கள் துறையின் கற்கைச் சபைக்கு எழுத்தில் கொண்டுபோங்கள். அமெரிக்கா என்றால் ரெசிடென்சி பணிப்பாளர், அதற்கு மேல் ஏ.சி.ஜி.எம்.இ. யின் முறைப்பாட்டு வழி.

அவமானப்படுத்தலோ தூக்கமின்மையோ உங்களை உடைக்கும் அளவுக்குப் போனால் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே நம்பிக்கையான ஒரு மூத்தவரிடமோ மனநல வைத்தியரிடமோ பேசுங்கள். இடைநடுவில் இடம் மாறினால் அது அவமானம் இல்லை, பலர் மாறி நன்றாக வந்திருக்கிறார்கள். மாறும் நாளில் கையில் ஆதாரம் வேண்டும் என்பதால், லொக்புக்கில் அந்தந்தக் கிழமையே கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.